சிடியும் எம்ஆர்ஐயும் ஒரே இடத்தைக் காட்டுவது எப்படி? ஆழ்கற்றல் வழிப் படப் பொருத்தம்: ஒரு எளிய விளக்கம்

சாம்பல்நிற சிடி படத்தின்மேல், எம்ஆர்ஐயில் தெரிந்த கட்டி சிவப்பாகப் படிந்திருக்கும் படங்களை இப்போது எங்கும் பார்க்கலாம். "செயற்கை நுண்ணறிவு இரண்டு ஸ்கேனையும் ஒன்றாக்கிவிட்டது" என்று கீழே எழுதிவிடுகிறார்கள். ஒன்றின்மேல் ஒன்றைப் படியவைத்து வண்ணம் கொடுப்பது மிக எளிய வேலை; ஸ்கேன் படங்களைத் திறக்கும் மென்பொருள்கள் பலவும் அதை நொடியில் செய்துவிடும். கடினமான வேலை அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும்: சிடியில் இருக்கும் இந்தப் புள்ளி எம்ஆர்ஐயில் எந்தப் புள்ளி? இதைக் கண்டுபிடிப்பதுதான் படப் பொருத்தம். துறையில் இருப்பவர்கள் ரெஜிஸ்ட்ரேஷன் என்பார்கள். படியவைத்துக் காட்டுவது ஃப்யூஷன். முன்னது தவறினாலும் பின்னது அழகாகவே தெரியும். ஆபத்து அங்கேதான்.

இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக இருக்கிறது: சரியான விடைகளை ஆயிரக்கணக்கில் காட்டி ஆழ்கற்றல் நெட்வொர்க்கை, அதாவது படங்களிலிருந்து தானே கற்கும் பல அடுக்குக் கணினி நிரலை, பழக்குகிறார்கள் என்பது. பெரும்பாலான நேரம் அந்தச் சரியான விடை யாரிடமும் இல்லை. உயிருள்ள ஒருவரின் உடலில் ஒவ்வொரு புள்ளியும் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று அளந்து வைத்தவர் எவரும் இல்லை. விடை இல்லாமலே எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாக விளங்கும்.

எதற்காகப் பொருத்த வேண்டும்

கதிர்வீச்சுச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். எந்தத் திசு எவ்வளவு கதிரை உறிஞ்சும் என்று கணக்கிட சிடி தேவை. அதில் ஒவ்வொரு எண்ணும், அந்த இடம் எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு. ஆனால் மூளைக் கட்டி எங்கே முடிகிறது, நல்ல திசு எங்கே தொடங்குகிறது என்பது எம்ஆர்ஐயில்தான் தெளிவாகத் தெரியும். எனவே மருத்துவர் எம்ஆர்ஐயின் உதவியோடு எல்லை வரைகிறார்; அந்த எல்லை சிடிக்கு மாற்றப்படுகிறது; சிடியை வைத்துக் கதிர் திட்டமிடப்படுகிறது. நடுவில் இருக்கும் பொருத்தம் 3 மில்லிமீட்டர் விலகினால், கட்டியின் ஒரு ஓரத்துக்குப் போதிய கதிர் கிடைக்காமல் போகலாம். எதிர்ப்பக்கத்தில் இருக்கும் பார்வை நரம்பு தேவையில்லாமல் கதிர் வாங்கலாம்.

புராஸ்டேட் சுரப்பியிலிருந்து சதை எடுத்துச் சோதிக்கும்போதும் இதே சிக்கல்தான். சந்தேகமான இடம் தெரிவது எம்ஆர்ஐயில். ஊசி செலுத்துவது அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்து. அல்ட்ராசவுண்ட் கருவி உள்ளிருந்து அழுத்துவதால் சுரப்பியின் வடிவமே மாறியிருக்கும்.

ஒரே ஊர், இரண்டு படங்கள்

ஒரே ஊரை வானிலிருந்து பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் படமெடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பகல் படத்தில் தார்ச்சாலை கறுப்பு, வெட்டவெளி வெளிறிய நிறம், ஏரி அடர்ந்த நிறம். இரவுப் படத்தில் விளக்கெரியும் சாலை வெள்ளைக்கோடு. வெட்டவெளியும் ஏரியும் ஒரே இருட்டு. இரண்டையும் பொருத்தித் தரும்படி கணினியிடம் கொடுத்து, "வெளிச்சம் ஒத்துப்போகும் இடங்களைச் சேர்" என்று சொன்னால், பகலின் கறுப்புச் சாலையைக் கொண்டுபோய் இரவின் கறுப்பு ஏரியில் வைக்கும். சொன்னதைத்தான் செய்தது. சொன்னதுதான் தவறு.

உடலுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. சிடியின் எண்கள் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோலில் இருக்கும்: காற்று −1000, தண்ணீர் 0, கொழுப்பு ஏறக்குறைய −100, கெட்டி எலும்பு பல நூறு தொடங்கி ஆயிரத்துக்கும் மேல். ஆகவே எலும்பு பளீரென்ற வெள்ளை, காற்று கறுப்பு. எம்ஆர்ஐ அளப்பது வேறொன்றை. தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப்புலத்தில் தரும் சைகையைத்தான் அது படமாக்குகிறது. கெட்டி எலும்பில் அந்தச் சைகை மிகக் குறைவு, காற்றில் ஏறத்தாழ இல்லை. சிடியில் இரு துருவங்களாக நிற்கும் எலும்பும் காற்றும் வழக்கமான எம்ஆர்ஐயில் ஒரே கறுப்பாகிவிடுகின்றன. எம்ஆர்ஐக்குள்ளேயே வகைகளும் உண்டு: மூளையைச் சுற்றியுள்ள திரவம் டி1 வகையில் இருட்டாகவும் டி2 வகையில் பிரகாசமாகவும் தெரியும். வழக்கமான எம்ஆர்ஐ எண்களுக்கு நிலையான அலகும் கிடையாது. ஒரே ஆளை வேறொரு இயந்திரத்தில் எடுத்தால் எண்கள் மாறிவிடும்.

சுருங்கச் சொன்னால், ஒரே உறுப்பு இரண்டு ஸ்கேன்களில் வெவ்வேறு வெளிச்சத்தில் தெரியும். வெவ்வேறு பொருள்கள் ஒரே வெளிச்சத்தில் தெரியும். வெளிச்சத்தை நேராக ஒப்பிட முடியாது.

எத்தனை எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும்

இரண்டு படங்களில் ஒன்றை அசையாமல் வைத்துக்கொள்கிறோம். அது நிலைப் படம். மற்றதை அதற்கேற்ப நகர்த்துகிறோம். அது நகர் படம். கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்துக்காட்டில் சிடி நிலைப் படம், எம்ஆர்ஐ நகர் படம்.

மண்டையோடு வளையாது. தலையை மட்டும் பொருத்துவதானால் மூன்று திசைகளில் நகர்வு, மூன்று அச்சுகளில் சுழற்சி என 6 எண்கள் போதும். இது விறைப்பான பொருத்தம். நீட்டல், குறுக்கல், சாய்த்தல் ஆகியவற்றையும் சேர்த்தால் 12 எண்கள். இது அஃபைன் பொருத்தம். வயிறு, நுரையீரல், புராஸ்டேட் ஆகியவை வளையும், அமுங்கும், வீங்கும். அங்கே ஒவ்வொரு வாக்ஸலுக்கும் தனித்தனி அம்புக்குறி வேண்டும். வாக்ஸல் என்பது முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கனசதுரத் துண்டு. பிக்ஸலுக்கு ஆழமும் சேர்ந்தது என்று கொள்ளலாம். பக்கத்துக்கு 256 வாக்ஸல் கொண்ட கனசதுரப் படத்தில் 1,67,77,216 வாக்ஸல்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள் என்றால் ஐந்து கோடிக்கும் மேல். இந்த அம்புக்குறிகளின் தொகுப்பே இடப்பெயர்ச்சிப் புலம்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று: அம்பு நிலைப் படத்திலிருந்து நகர் படத்தை நோக்கிப் போகிறது. "சிடியின் இந்த வாக்ஸலில் வைப்பதற்கான மதிப்பை எம்ஆர்ஐயின் எந்த இடத்திலிருந்து எடுப்பது?" என்பதுதான் அது சொல்லும் செய்தி. எதிர்த்திசையில் தள்ளினால் சில இடங்களில் இரண்டு மதிப்புகள் மோதும், சில இடங்கள் வெறுமையாகிவிடும்.

தலைக்கு விறைப்பான பொருத்தம் போதும் என்றதில் ஒரு திருத்தம் உண்டு. சைனஸ் போன்ற காற்றறைகளுக்கு அருகில் காந்தப்புலம் கலைவதால், சில எம்ஆர்ஐ வகைகளில், குறிப்பாக எக்கோ பிளானர் என்ற வேகமான முறையில், தண்ணீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்ட எடுக்கும் டிஃப்யூஷன் படங்களில், படமே வளைந்துவிடும். எலும்பு வளையவில்லை, படம் வளைந்திருக்கிறது. அந்த வளைவை முதலில் சரிசெய்யாமல் எந்த நெட்வொர்க்கிடம் கொடுத்தாலும், உடலில் நடக்காத ஓர் அசைவை அது தேடிக்கொண்டிருக்கும்.

பொருந்திவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

பகல்–இரவுப் படங்களுக்குத் திரும்பினால் வழி தெரியும். சாலை இரண்டிலும் ஒரே நிறத்தில் இல்லைதான். ஆனால் சரியாகப் பொருந்தும்போது, பகலில் கறுப்புக்கோடாக இருக்கும் இடமெல்லாம் இரவில் வெள்ளைக்கோடாகவே இருக்கும். அந்தத் தொடர்பு நிலையானது. சற்று விலக்கினால் தொடர்பு சிதறும்.

இதை எண்ணாக்குவது பரஸ்பரத் தகவல். ஒரு படத்தின் வெளிச்சம் தெரிந்தால் மற்றப் படத்தின் வெளிச்சத்தை எவ்வளவு நன்றாக ஊகிக்கலாம் என்பதன் அளவு அது. கணக்கிடும் விதம் இப்படி: ஒவ்வொரு படத்தின் வெளிச்சத்தையும் 32 அல்லது 64 கட்டங்களாகப் பிரிக்கிறோம். ஓர் அட்டவணையின் கிடைவரிசையில் சிடியின் கட்டங்கள், நெடுவரிசையில் எம்ஆர்ஐயின் கட்டங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக விழும் ஒவ்வொரு வாக்ஸல் இணையையும் உரிய பெட்டியில் எண்ணிப் போடுகிறோம். பொருந்தியிருந்தால் எண்ணிக்கை சில பெட்டிகளில் குவியும். விலகியிருந்தால் அட்டவணை முழுக்கச் சிதறும். 1995இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இந்த அளவைப் படப் பொருத்தத்துக்குக் கொண்டுவந்தன. இன்றும் இதை நம்பியே ஏராளமான வேலை நடக்கிறது. ஆழ்கற்றல் வந்ததால் இது பழசாகிவிட்டது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

குறைகளும் உண்டு. அட்டவணை நிரம்ப நிறைய வாக்ஸல்கள் வேண்டும். சிறிய பகுதிக்குள் மட்டும் கணக்கிட்டால் அளவு தடுமாறும். ஆனால் பெரிய பகுதிக்குக் கணக்கிட்டால், எது எங்கே இருந்தது என்ற செய்தி அட்டவணையில் தொலைந்துபோகும். எம்ஆர்ஐயில் ஒருபுறம் வெளிச்சமாகவும் மறுபுறம் மங்கலாகவும் படியும் நிழல், நிலையான தொடர்பு என்ற அடிப்படையையே உலுக்கிவிடும்.

ஆழ்கற்றல் எதை மாற்றியது

பழைய முறையில் ஒவ்வொரு புதிய இணைக்கும் தேடல் முதலிலிருந்து தொடங்கும்: கொஞ்சம் நகர்த்து, அளந்து பார், மறுபடி நகர்த்து. வளையும் பொருத்தத்துக்கு இது பல நிமிடங்களிலிருந்து மணிக்கணக்கு வரை போகும். முந்தைய நோயாளிக்குச் செய்த வேலை அடுத்தவருக்குப் பயன்படாது.

ஆழ்கற்றல் அந்தத் தேடலைப் பயிற்சிக் காலத்துக்கு நகர்த்துகிறது. நெட்வொர்க்குக்கு இரண்டு படங்களையும் ஒன்றாகக் கொடுத்தால் இடப்பெயர்ச்சிப் புலம் முழுவதும் ஒரே ஓட்டத்தில் வெளிவரும். பெரும்பாலும் இது 2015இல் வந்த யூ-நெட் அமைப்பைச் சார்ந்தது: படத்தைப் படிப்படியாகச் சுருக்கிப் பெரிய வடிவங்களைப் பார்க்கும், பிறகு விரித்து நுண் விவரங்களைச் சேர்க்கும். அதே 2015இல் வந்த இன்னொரு கருத்தும் இதற்கு இன்றியமையாதது: ஸ்பேஷியல் டிரான்ஸ்ஃபார்மர். புலத்தின்படி நகர் படத்தை வளைக்கும் அடுக்கு அது. வளைத்த படத்தில் உள்ள பிழையைக் கணக்கிட்டால், அந்தப் பிழை பின்னோக்கிப் பாய்ந்து நெட்வொர்க்கின் எடைகளை, அதாவது பயிற்சியில் மாறும் அதன் உள் எண்களை, திருத்தும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது.

விடை இல்லாமல் கற்கும் வழி இதனால்தான் திறந்தது. நெட்வொர்க் ஒரு புலத்தை ஊகிக்கிறது. அதன்படி எம்ஆர்ஐ வளைக்கப்படுகிறது. சிடியோடு எவ்வளவு பொருந்துகிறது என்று அளக்கப்படுகிறது. பொருந்தாமை குறையும்படி எடைகள் திருத்தப்படுகின்றன. சரியான புலம் எது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. 2018இல் வெளிவந்த வாக்ஸல்மார்ஃப் இந்த வழியைப் பரவலாக்கியது. பழகி முடித்த நெட்வொர்க், ஜிபியு என்ற வேகமான கணிப்புச் சில்லில் ஓரிரு நொடிக்குள் விடை தந்துவிடும்.

பொருத்தத்தை மட்டும் அளந்தால் நெட்வொர்க் குறுக்குவழி தேடும். பக்கத்துப் பக்கத்து வாக்ஸல்களைக் கண்டபடி இழுத்து வெளிச்சத்தை மட்டும் சரிக்கட்டிவிடும். அதனால் இழப்புச் சார்பில் இரண்டு பகுதிகள் இருக்கும். இழப்புச் சார்பு என்பது பயிற்சியின்போது குறைக்க முயலும் எண். ஒரு பகுதி பொருத்தக் குறைவு. மற்றொன்று அருகருகே உள்ள அம்புகள் திடீரென மாறினால் விதிக்கும் தண்டனை. இரண்டுக்கும் இடையிலான விகிதத்தை லாம்டா என்ற எண் தீர்மானிக்கிறது. லாம்டா குறைந்தால் புலம் மடிந்து கசங்கும். கூடினால் உறுப்பு நகர்ந்திருந்தும் படம் நகராமல் விறைத்து நிற்கும். ஓர் ஆய்வில் சரியாக இருந்த லாம்டாவை அப்படியே எடுத்துப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பொருத்த அளவை மாற்றினால் அதன் எண் வீச்சும் மாறும். லாம்டாவையும் புதிதாகத் தேட வேண்டும்.

இதுவரை சொன்னதன் சாரம்: நெட்வொர்க் வேகத்தைத் தருகிறது. எது பொருத்தம் என்ற வரையறையை நாம்தான் தருகிறோம். அந்த வரையறை தவறானால், தவறை மிக வேகமாகச் செய்யும்.

வெவ்வேறு ஸ்கேன்களுக்கு எப்படிப் பழக்குவது

இந்தத் துறையின் உயிர்நாடி இங்கேதான். ஒரே வகை ஸ்கேன்களுக்கு வெளிச்ச வித்தியாசத்தையே இழப்பாக வைக்கலாம். சிடிக்கும் எம்ஆர்ஐக்கும் அது உதவாது.

முதல் வழி, பரஸ்பரத் தகவலையே இழப்பாக வைப்பது. பெட்டியில் எண்ணிப் போடுவதை அப்படியே வைத்தால் பயிற்சி நடக்காது. வெளிச்சம் இம்மியளவு மாறினால் எண்ணிக்கை மாறாது, எனவே எந்தப் பக்கம் திருத்துவது என்ற தடயம் கிடைக்காது. அதனால் ஒவ்வொரு வாக்ஸலும் அருகிலுள்ள கட்டங்களுக்கு மென்மையாகப் பங்கிடப்படுகிறது. இதற்கு மாற்றாக, வெளிச்சத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு வாக்ஸலும் தன் அக்கம்பக்கத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்ற உள்ளமைப்பை ஒப்பிடலாம். 2012இல் வந்த மைண்ட் என்ற அளவு இப்படிப்பட்டது. ஓரங்களும் மூலைகளும் எந்த ஸ்கேனிலும் ஓரங்களும் மூலைகளும்தான் என்ற நம்பிக்கையில் நிற்கிறது அது.

இரண்டாவது வழி, உறுப்புகளின் எல்லையைப் பயன்படுத்துவது. பயிற்சிப் படங்களில் மட்டும் கல்லீரல், சிறுநீரகம் போன்றவற்றை வல்லுநர்கள் குறித்துத் தருவார்கள். சிடியின் கல்லீரலும் வளைத்த எம்ஆர்ஐயின் கல்லீரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்பது இழப்பாகும். பயன்படுத்தும்போது அந்தக் குறிப்புகள் தேவையில்லை. எல்லையில் நன்றாகப் பொருந்தும். ஆனால் கல்லீரலுக்கு உள்ளே இருக்கும் ஒரு சிறு கட்டி எங்கே போய் நிற்கிறது என்பதைப் பற்றி இந்த இழப்பு எதுவும் சொல்வதில்லை.

மூன்றாவது, எம்ஆர்ஐயிலிருந்து சிடி போன்ற ஒரு படத்தை உருவாக்கி, பிறகு சிடியோடு சிடியாகப் பொருத்துவது. கேட்பதற்கு நேர்வழி போலத் தோன்றும். ஆனால் ஒரே ஆளின் எம்ஆர்ஐ–சிடி இணைகளாக இல்லாத படங்களில் பழகிய உருவாக்க நெட்வொர்க்குகள் இல்லாத கட்டியைச் சேர்க்கவும் இருக்கும் கட்டியை நீக்கவும் கூடும் என்று காட்டப்பட்டிருக்கிறது. உறுப்பின் ஓரத்தைச் சற்றே நகர்த்திவிட்டாலும் போதும், பொருத்தம் அந்த நகர்ந்த ஓரத்தையே நம்பிப் போகும். இந்த வழியைக் கடைசியாகத்தான் பரிந்துரைப்பேன்.

நான்காவதுதான் மிக அழகான யோசனை. 2022இல் இதழில் வெளியான சின்த்மார்ஃப் என்ற முறையில், உண்மையான ஸ்கேன் எதையும் காட்டாமலே நெட்வொர்க்கைப் பழக்கினார்கள். உறுப்பு வரைபடம் ஒன்றை, அல்லது தற்செயலாக உருவாக்கிய வடிவங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் மனம்போன வெளிச்சத்தைப் பூசி, மங்கலாக்கி, இரைச்சல் சேர்த்து, வளைத்து, படங்களை உருவாக்குகிறார்கள். அடுத்த முறை அதே பகுதிக்கு வேறு வெளிச்சம். வெளிச்சத்தை நம்பினால் தோற்றுவிடுவோம் என்ற நிலையில், வடிவத்தை மட்டும் பார்க்க நெட்வொர்க் கற்றுக்கொள்கிறது. வெளிச்சம் பூசியவர்களிடம் உறுப்பு வரைபடம் இருப்பதால், பொருத்தத்தை அதை வைத்தே சரிபார்க்கலாம். பார்த்தே இராத எம்ஆர்ஐ வகைகளிலும் இது வேலை செய்கிறது.

நெட்வொர்க்குக்கு முன்பே நடக்கும் தவறுகள்

தவறான விடைகளில் பெரும்பங்கு நெட்வொர்க்கின் குற்றமல்ல என்பதே என் கணிப்பு. முதலில் திசை. ஸ்கேன் இயந்திரங்கள் தரும் டைகாம் வகைக் கோப்புகளின் ஆயங்களில் நோயாளியின் இடப்பக்கம் நோக்கி எண் கூடும். ஆய்வாளர்கள் பயன்படுத்தும் நிஃப்டி வகைக் கோப்புகளில் வலப்பக்கம் நோக்கிக் கூடும். மாற்றும்போது தலைப்புத் தகவலைப் படிக்காமல் எண்களை மட்டும் எடுத்தால் இடமும் வலமும் மாறிப்போகும். மூளை ஏறக்குறைய சமச்சீரானது என்பதால், பொருத்தியபின் பார்த்தாலும் தவறு கண்ணில் படாது.

அடுத்து வாக்ஸல் அளவு. ஒரு ஸ்கேன் 1 மில்லிமீட்டர் கனசதுரமாகவும், மற்றது 5 மில்லிமீட்டர் தடித்த வெட்டுகளாகவும் இருக்கும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது படங்களுக்கு இடைமதிப்பு கணக்கிடலாம். உறுப்புக் குறிகளுக்குக் கூடாது. 2 என்பது கல்லீரல், 4 என்பது மண்ணீரல் என்று குறித்திருந்தால், நடுவில் வரும் 3 வேறோர் உறுப்பாகிவிடும். குறிகளுக்கு அருகிலுள்ள மதிப்பை அப்படியே எடுக்க வேண்டும். சிடியில் வெளிச்ச வீச்சைத் தேவைக்கேற்ப வெட்டுவதும், எம்ஆர்ஐயில் நிழலை நீக்குவதும் இந்தக் கட்டத்தில்தான். நிழலுக்கு 2010இல் வந்த என்4 முறை பரவலாகப் பயன்படுகிறது.

பிறகு முதற்கட்ட அஃபைன் பொருத்தம். யூ-நெட்டின் ஒவ்வொரு பகுதியும் படத்தில் ஒரு குறிப்பிட்ட சுற்றளவைத்தான் பார்க்கும். உறுப்பு அதற்கு வெளியே நின்றால் தேடியும் கிடைக்காது. பக்கத்தில் இருக்கும் வேறொன்றை இழுத்துவந்து நிரப்பும். நினைவகமும் கைகட்டும்: பக்கத்துக்கு 192 வாக்ஸல் கொண்ட கனசதுரப் படம் ஒன்று 32 பிட் எண்களில் ஏறக்குறைய 28 எம்பி, படத்தில் வெவ்வேறு வடிவங்களைத் தேடும் 16 வடிகட்டிகள் கொண்ட முதல் அடுக்கின் விளைவு மட்டும் 450 எம்பியைத் தாண்டும். பயிற்சியில் இவை எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும். படத்தைத் துண்டுபோட்டுத் தப்பிக்கலாம் என்றால், துண்டுக்கு வெளியே நகர்ந்த உறுப்பை நெட்வொர்க் பார்க்கவே பார்க்காது.

சரியாகப் பொருந்தியதா?

வண்ணப் படிவம் கண்ணை ஏமாற்றும். வளையும் பொருத்தத்தில் எதையும் எதன்மேலும் அழகாக உட்காரவைக்கலாம். மூன்று அளவுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு ஸ்கேனிலும் வல்லுநர் குறித்த ஒரே உடற்கூற்றுப் புள்ளிகள், பொருத்தியபின் எத்தனை மில்லிமீட்டர் விலகி நிற்கின்றன என்பது இலக்குப் பிழை. உறுப்புப் பகுதிகள் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்பது டைஸ் மதிப்பு. 0 என்றால் தொடவே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம். மூன்றாவது ஜகோபியன்: ஒவ்வோர் இடத்திலும் திசுவின் கனஅளவு எத்தனை மடங்காக மாறியது என்று புலத்திலிருந்தே கணக்கிடும் எண். 1 என்றால் மாற்றமில்லை. 0க்குக் கீழே போனால் திசு தன்மேலேயே மடிந்திருக்கிறது. உடலில் அது நடக்காது. டைஸ் 0.9 இருந்தும் ஜகோபியன் பல இடங்களில் 0க்குக் கீழே இருந்தால், அந்தப் பொருத்தத்தை நம்பக்கூடாது.

மடிப்பு இல்லாததும் முழு உத்தரவாதமில்லை. மூச்சுவிடும்போது நுரையீரல் விலா எலும்புச் சுவரில் வழுக்கிச் செல்கிறது. அங்கே அம்புகள் திடீரென மாறுவதுதான் இயற்கை. வழவழப்பைக் கோரும் தண்டனை அங்கே தவறான விடைக்குத் தள்ளும். அறுவைக்கு முன் எடுத்த எம்ஆர்ஐயில் கட்டி இருக்கும், பின் எடுத்த சிடியில் வெற்றிடம் இருக்கும். இணையே இல்லாத புள்ளிக்கும் நெட்வொர்க் ஓர் இணையைத் தந்துவிடும்.

உடலில் செலுத்திய கதிரியக்கப் பொருள் எங்கே சேர்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனையும் சிடியையும் ஒரே மேசையில் படுத்தபடி எடுக்கும் பெட்–சிடியிலும் கவனம் வேண்டும். சிடி சில நொடிகளில் முடியும். பெட் பல நிமிடம் மூச்சுக்களின் சராசரியை எடுக்கும். கல்லீரலின் மேல்விளிம்பும் நுரையீரலின் அடிப்பகுதியும் விலகி நிற்கும். உடல் கதிரைத் தடுப்பதை ஈடுகட்டும் திருத்தத்தை பெட் அந்த சிடியிலிருந்தே எடுத்துக்கொள்வதால், விலகல் அங்குள்ள பெட் மதிப்புகளையே மாற்றிவிடும்.

எனவே படம் முழுவதற்கும் ஒரு சராசரி எண்ணைப் பார்த்து ஒப்புதல் தரக்கூடாது. மருத்துவ முடிவு எந்த இடத்தைச் சார்ந்ததோ அங்கே வெட்டுவெட்டாகப் பார்க்க வேண்டும். இரண்டு ஸ்கேனையும் சதுரங்கக் கட்டங்களாக மாற்றி மாற்றி வைத்து, எலும்பு ஓரமும் மூளை அறைகளின் ஓரமும் கட்டத்துக்குக் கட்டம் முறியாமல் தொடர்கின்றனவா என்று பார்ப்பது நல்ல வழி. முறிந்தால், வளையும் பொருத்தத்தைக் கைவிட்டு விறைப்பான பொருத்தத்தோடு நிறுத்திக்கொண்டு, கட்டியைச் சுற்றிக் கதிருக்காகக் கூடுதலாக விடும் விளிம்பை அந்த விலகலுக்கு ஏற்றபடி கூட்ட வேண்டும்.